மாயாபந்தருக்கு எத்தனை வாட்ஸ் போதும்?

ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டின் பின்புறம் ‘பஞ்சதன் ரெக்கார்டு இன்’ தொடங்கியபோது, வீட்டிலேயே ஸ்டூடியோ வைப்பது அபூர்வம். இன்று ஒரு லேப்டாப், ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர் இருந்தால் படுக்கையறையே ஸ்டூடியோ. வடக்கு மற்றும் மத்திய அந்தமான் மாவட்டத்தின் தலைநகரான மாயாபந்தருக்கும் இது பொருந்தும். தமிழ்க் குடும்பங்களின் கோயில் விழாவுக்கு ஒரு பக்திப் பாடல், 1925-ல் பர்மாவிலிருந்து வந்து அருகிலுள்ள வெபி கிராமத்தில் குடியேறிய கரேன் மக்களின் தேவாலயக் கூட்டுப்பாடல் என இங்கே பதிவு செய்யப் பாட்டுக்குப் பஞ்சமில்லை.

மைக், இன்டர்ஃபேஸ் விஷயத்தில் சென்னைக்காரர் சொல்லும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பவர் ஆம்ப்ளிஃபையரில் அது செல்லாது. கடல் காற்று, ஈரம், தீவின் கரண்ட், பழுதானால் அனுப்ப வேண்டிய தூரம் ஆகிய நான்கும் சேர்ந்து கணக்கையே மாற்றிவிடுகின்றன.

மானிட்டர் ஸ்பீக்கரில் இரண்டு வகை உண்டு. ஆம்ப்ளிஃபையரைப் பெட்டிக்குள்ளேயே வைத்து வருவது ஆக்டிவ். வெறும் ஸ்பீக்கராக வந்து வெளியே தனி ஆம்ப் கேட்பது பாஸிவ். யமஹா 1978-ல் வெளியிட்ட என்எஸ்-10 பாஸிவ் வகை. வீட்டில் பாட்டுக் கேட்பதற்காகச் செய்யப்பட்ட அதை உலகெங்கும் ஸ்டூடியோக்கள் சுவீகரித்துக்கொண்டன. 2001-ல் உற்பத்தி நின்ற பிறகும் அதன் வெள்ளை வூஃபரைப் பல கன்சோல்களின் மேல் பார்க்கலாம். இன்று கடைக்குப் போனால் காட்டுவது பெரும்பாலும் ஆக்டிவ்தான். மாயாபந்தருக்கு எது நல்லது என்பதற்குக் கடைசியில் வருவோம். முதலில் வாட்ஸ் கணக்கு.

பத்து வாட்ஸ் கணக்கு

ஸ்பீக்கரின் கையேட்டில் ‘சென்ஸிடிவிட்டி’ என்று ஓர் எண் இருக்கும். 87 டெசிபல் என்று போட்டிருந்தால், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 87 டெசிபல் சத்தம் வரும் என்று பொருள். இரண்டு ஸ்பீக்கரும் பாடும்போது சுமார் 3 டெசிபல் கூடும், ஆக 90. வீட்டு ஸ்டூடியோவில் மேசைக்கு அந்தப் பக்கம் ஸ்பீக்கர், இந்தப் பக்கம் நாம். இடைவெளி ஒரு மீட்டருக்குச் சற்று முன்னே பின்னே இருக்கும்.

மிக்ஸ் செய்ய எவ்வளவு சத்தம் வேண்டும்? சின்ன அறையில் சராசரி 80 டெசிபல் தாராளம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, பெரியவர்களின் காதுக்கு 80 டெசிபல் வாரம் 40 மணி நேரம்வரை பாதுகாப்பானது. 90 டெசிபலுக்கு ஒரு வாட் என்றால், 80-க்கு வேண்டியது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குதான். நாள் முழுக்க வேலை நடப்பது இந்தப் பத்தில் ஒரு வாட்டில்.

பாட்டு சமதளமாக ஓடுவதில்லை. மிருதங்கத்தின் ஓர் அடி, டிரம்ஸின் ஒரு தட்டு சராசரியைவிட 20 டெசிபல் மேலே குதிக்கும். அந்த நொடிக்கு 100 டெசிபல் வேண்டும். அதற்குத் தேவை 10 வாட்ஸ். இன்னும் 6 டெசிபல் கையிருப்பு வைத்துக்கொண்டால் 40 வாட்ஸ். ஸ்பீக்கர் ஒன்றுக்கு 50 முதல் 100 வாட்ஸ் தரும் ஆம்ப் இருந்தால் இந்தக் குதியல் எதுவும் நசுங்காது.

அதற்கு மேலே போவதில் பெரிய லாபம் இல்லை. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் ஏறுவது வெறும் 3 டெசிபல். காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற 10 டெசிபல் ஏற வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். 100 வாட்ஸ் ஆம்ப்புக்குப் பதில் 200 வாட்ஸ் வாங்கியவர் வித்தியாசத்தைப் பில்லில்தான் உணர்வார்.

பெட்டியில் எழுதிய வாட்ஸ்

எந்த வாட்ஸ் என்பது அடுத்த கேள்வி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் விற்கும் சில செட்டுகளில் 1,000 வாட்ஸ், 2,000 வாட்ஸ் என்று கண நேர உச்சத்தைச் சொல்லும் பிஎம்பிஓ கணக்கில் அச்சடித்திருப்பார்கள். பிஎம்பிஓவுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. பார்க்க வேண்டியது, தொடர்ந்து தரக்கூடிய திறனான ஆர்எம்எஸ் வாட்ஸ். அதுவும் எத்தனை ஓம் லோடில் என்பதோடு சேர்த்து.

சந்தேகம் வந்தால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடாப்டரில் 12 வோல்ட், 5 ஆம்பியர் என்றிருந்தால் உள்ளே போவதே 60 வாட்ஸ். அந்த ஆம்ப் 200 வாட்ஸைத் தொடர்ந்து வெளியே தர எந்த வழியும் இல்லை.

திருவிழா மைக்செட் ஆம்ப்பும் இந்த வேலைக்கு உதவாது. அவற்றில் பல, நீண்ட ஒயரில் வரிசையாகக் கட்டிய குழாய் ஸ்பீக்கர்களுக்கான 100 வோல்ட் லைன் முறையில் செய்யப்பட்டவை. அறிவிப்பு ஊரெல்லாம் கேட்க வேண்டும் என்பது அவற்றின் இலக்கணம். மானிட்டரில் நமக்கு வேண்டியது வேறு: பாடகர் மூச்சிழுப்பது கேட்க வேண்டும்.

இரைச்சல் என்னும் பரீட்சை

மூச்சுச் சத்தத்தை மறைப்பது ஆம்ப்பின் ‘ஸ்ஸ்’ இரைச்சல். காது ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டர் அருகில் இருப்பதால் ஹாலில் தெரியாத இரைச்சலும் இங்கே தெரியும். அதே 87 டெசிபல் ஸ்பீக்கரில், ஆம்ப் ஒரு மில்லிவோல்ட் இரைச்சலை வெளியிட்டால் சுமார் 18 டெசிபல் கேட்கும். ட்வீட்டரில் காதை வைத்தால் பிடிபடும். மூன்று மில்லிவோல்ட் என்றால் 27 டெசிபலைத் தாண்டும். ராத்திரி அமைதியில் உட்கார்ந்த இடத்திலிருந்தே தொந்தரவு செய்யும்.

விளம்பரத்தில் போடும் சிக்னல்-இரைச்சல் விகிதம் இங்கே கொஞ்சம் ஏமாற்றும். அதை முழு வாட்ஸோடு ஒப்பிட்டுச் சொல்வது வழக்கம். 100 வாட்ஸ் ஆம்ப்பில் 100 டெசிபல் விகிதம் என்றால், 8 ஓம் ஸ்பீக்கரில் இரைச்சல் 0.28 மில்லிவோல்ட். 1,000 வாட்ஸ் ஆம்ப்பிலும் அதே 100 டெசிபல் என்றால் 0.89 மில்லிவோல்ட். தாளில் இரண்டும் சமம். காதில் பெரியது 10 டெசிபல் கூடுதலாக இரையும். தேவைக்கு மேல் வாட்ஸ் வாங்குவது இரைச்சலையும் சேர்த்து வாங்குவதுதான்.

ஆம்ப்ளிஃபையர்கள் இந்த அளவுக்குச் சுத்தமானதில் ஒரு கப்பல் பயணத்துக்கும் பங்கு உண்டு. பெல் ஆய்வகப் பொறியாளர் ஹரால்டு பிளாக், தொலைபேசி ஆம்ப்ளிஃபையர்களின் சிதைவைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்தார். 1927 ஆகஸ்ட் 2 காலை, ஹட்சன் ஆற்றைக் கடக்கும் ஃபெர்ரியில் வேலைக்குப் போகும்போது விடை தோன்றியது. கையிலிருந்த ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் வெற்றுப் பக்கத்தில் படத்தையும் சமன்பாட்டையும் எழுதிவிட்டார். வெளியே வரும் சிக்னலில் ஒரு பகுதியைத் தலைகீழாக உள்ளே திருப்பி அனுப்பினால், ஆம்ப் சேர்த்த பிழை தன்னைத்தானே குறைத்துக்கொள்ளும் என்பதே அந்த எதிர்மறைப் பின்னூட்டம். காப்புரிமை கிடைக்க 1937 ஆனது. இன்று மானிட்டருக்கு வாங்கும் ஆம்ப்பில் இது இல்லாமல் இருப்பது அரிது.

உப்பும் ஈரமும்

தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் கால்வைப்பது அந்தமானில். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. கடற்கரை ஊரில் காற்றோடு வரும் நுண்ணிய உப்பு, சர்க்யூட் போர்டின் மேல் படிகிறது. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், சோற்றுப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். அப்போது போர்டின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் உருவாகும். மின்சாரம் போகக் கூடாத வழியில் கசியும்; ரிலே முனைகள் கறுக்கும்; ஸ்பீக்கர் ஒயரின் செம்பு பச்சை பூக்கும்.

ஆகவே மாயாபந்தரில் ஃபேன் வைத்த ஆம்ப்பை வாங்காதீர்கள். ஃபேன் இழுப்பது வெறும் காற்றையல்ல, உப்புக் காற்றை. அதன் ஓசையும் ரெக்கார்டிங்கில் விழும். பக்கவாட்டில் பெரிய ஹீட் சிங்க் வைத்து, தானாக ஆறும் ஆம்ப்தான் இங்கே ஏற்றது.

ஆம்ப்பின் மெல்லிய சூடு இந்த ஊரில் ஒரு வரம். 28 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, பெட்டிக்குள் 33 டிகிரிக்கு ஏறினால் ஈரப்பதம் சுமார் 64 சதவீதமாக இறங்கிவிடும். 75 என்ற எல்லைக்குக் கீழே வந்ததால் உப்பு கரையாது. மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் வாரம் இரண்டு முறை ஓரிரு மணி நேரம் ஆம்ப்பைப் போட்டு வைப்பது நல்லது. அதற்காக அலமாரிக்குள் அடைத்து வேகவைக்கவும் கூடாது. எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் ஆயுள், ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறையப் பாதியாகும்.

ஒயருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். மூன்று மீட்டர் நீளமுள்ள 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், போய்த் திரும்பும் வழி சேர்த்து 0.07 ஓம் மட்டுமே. 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது ஒரு சதவீதம்கூட இல்லை. இந்த ஒயரைச் சேர்த்துக் கணக்கிட்டாலே, ஸ்பீக்கரின் அசைவை ஆம்ப் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்று சொல்லும் டேம்பிங் ஃபேக்டர் 200-க்கும் 2,000-க்கும் உள்ள வித்தியாசம் கரைந்துபோகும். படகுகளுக்குப் பயன்படுத்தும் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் கிடைத்தால் அதை வாங்குங்கள். பச்சை பூப்பது வெகுவாகக் குறையும்.

தீவின் கரண்ட்

பெருநிலத்தின் மின்தொகுப்போடு அந்தமானுக்கு இணைப்பு கிடையாது. டிக்லிப்பூர் அருகே 5.25 மெகாவாட் கல்போங் நீர்மின் நிலையம் இருந்தாலும், தீவுகள் பெரிதும் நம்பியிருப்பது டீசல் ஜெனரேட்டரை. சிறிய தொகுப்பில் வோல்டேஜ் ஏறி இறங்குவது இயல்பு.

வோல்டேஜ் இறங்கினால் சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப்பின் திறனும் இறங்கும். 230 வோல்ட் 190 ஆனால், 100 வாட்ஸ் சுமார் 68 வாட்ஸ் ஆகும். காதுக்கு இது ஒன்றரை டெசிபல் சொச்சம்தான், கவலை வேண்டாம். ஆபத்து, கரண்ட் போய்த் திரும்பி வரும் நொடியில் எகிறும் வோல்டேஜில் இருக்கிறது. கரண்ட் போனவுடன் ஆம்ப் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்த பிறகு ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுவது செலவில்லாத காப்பீடு. டிரான்ஸிஸ்டர் ஷார்ட் ஆனால் நேர்மின்சாரம் வூஃபருக்குள் பாய்ந்து அதைக் கருக்கிவிடும். இதைத் தடுக்கும் டிசி புரொடெக்‌ஷன் ரிலே உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

யுபிஎஸ் வைப்பவர்கள் சைன் வேவ் தருவதையே வாங்க வேண்டும். சதுர அலை தரும் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். அந்த உறுமல் ஸ்பீக்கரிலும் கேட்கும். உறுமல் போகட்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். இன்டர்ஃபேஸிலிருந்து ஆம்ப்புக்குப் பேலன்ஸ்டு கேபிள் போட்டாலே பெரும்பாலும் அது அடங்கும்.

கழற்றி அனுப்பக்கூடியது

ஆக்டிவ் மானிட்டரின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பீக்கருக்குப் பொருத்தமான ஆம்ப்பைத் தயாரித்தவரே தேர்ந்து வைத்திருப்பார். சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர் யோசிக்காமல் அதை வாங்கலாம். ஆனால் ஒரு ஸ்பீக்கர் செட்டில் முதலில் பழுதாவது பெரும்பாலும் எலெக்ட்ரானிக்ஸ். ஆக்டிவில் அது நடந்தால் முழுப் பெட்டியையும் கட்டி அனுப்ப வேண்டும். மாயாபந்தரிலிருந்து அந்தமான் டிரங்க் ரோட்டில் சுமார் 240 கிலோமீட்டர் போனால், 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேர். அங்கிருந்து சென்னைக்குக் கப்பலில் ஏறக்குறைய 3 நாள். அதே தூரம் திரும்பியும் வர வேண்டும்.

தனி ஆம்ப் என்றால் ஸ்பீக்கர் மேசையிலேயே இருக்கும். ஆம்ப்பை மட்டும் அனுப்பிவிட்டு, இரவல் ஆம்ப்பில் வேலையைத் தொடரலாம். அதிலும் வழக்கமான அனலாக் சுற்றான கிளாஸ் ஏபி வகை என்றால் அனுப்பாமலே முடியலாம். டிரான்ஸிஸ்டர், ரிலே, கெப்பாசிட்டர் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருப்பதால், ரேடியோ, டிவி பார்க்கும் மெக்கானிக்கே சால்டரிங் அயனோடு உட்கார்ந்து மாற்றிவிடுவார். வேகமாக ஸ்விட்ச் செய்து இயங்கும் கிளாஸ் டி வகையில் நுண்ணிய பாகங்கள். போர்டையே மாற்றுவதுதான் வழக்கம். ஆனால் அது 90 சதவீதம்வரை திறனுள்ளது, கரண்டைக் குறைவாகவே குடிக்கும். பெரும்பாலும் யுபிஎஸ்ஸில் வேலை செய்பவருக்கு அது சரி.

மாயாபந்தரில் கடைக்காரரிடமோ சென்னையில் இருக்கும் சொந்தக்காரரிடமோ இப்படிச் சொல்லி வாங்கச் சொல்லுங்கள்: 8 ஓமில் சேனலுக்கு 50 முதல் 100 வாட்ஸ் ஆர்எம்எஸ், ஃபேன் இல்லாதது, பேலன்ஸ்டு இன்புட், டிசி புரொடெக்‌ஷன், கிளாஸ் ஏபி, கூடவே ஒரு செட் ஃபியூஸும் அவுட்புட் டிரான்ஸிஸ்டரும் உதிரியாக. மிச்சப்படும் பணத்தை அறையின் எதிரொலியை அடக்கச் செலவிடுங்கள். பாட்டில் அந்த வித்தியாசம் கேட்கும்.