குப்புறக் கிடக்கும் கப்பலில் எண்ணெய் எடுப்பது எப்படி?

1944-ல் பசிபிக்கின் உலிதி பவளத்தீவில், ஆள் உள்ளே அமர்ந்து ஓட்டும் ஜப்பானிய டார்பிடோ தாக்கி மூழ்கியது அமெரிக்க எண்ணெய்க் கப்பல் மிசிசினேவா. 2001-ல், ஒரு புயலுக்குப் பின், எண்ணெய் கசிய ஆரம்பித்தது. ஏன்? உப்புநீர் அரித்து மெலிந்த தகடு எத்தனை காலம் தாங்கும்? ஓட்டையை அடைக்கலாம், நாளை பக்கத்திலேயே இன்னொன்று விழும். எண்ணெயையே எடுத்தாக வேண்டும்.

கப்பல் கவிழ்ந்து கிடந்தது. எண்ணெய் நீரைவிட லேசு. ஆகவே இப்போது மேலே பார்த்திருந்த அடித்தகட்டை ஒட்டியே தேங்கியிருந்தது. முக்குளிப்பவர்கள் அந்தத் தகட்டில் முதலில் வால்வைப் பொருத்தினார்கள். திறந்த வால்வின் வழியே துளையிட்டு, துளைக்கருவியை இழுத்ததும் வால்வை மூடிவிடுவார்கள். எண்ணெய் வெளியே வராது. பிறகு குழாய், பம்பு. எண்ணெய் போகும் இடத்துக்குக் கடல்நீர் நுழைய வழியும் வேண்டும்; இல்லாவிட்டால் துருப்பிடித்த தொட்டி நசுங்கிவிடும். 2003-ல் இப்படி எடுத்தது ஏறக்குறைய 70 லட்சம் லிட்டர்.