முதல் கேமரா: மாடலுக்கு முன் பில்லைப் பாருங்கள்

கல்லூரி திறக்கும் ஜூன், ஜூலையில் விஸ்காம் சேர்ந்த பிள்ளைகளின் வீடுகளில் ஒரே பேச்சுதான்: எந்த டிஎஸ்எல்ஆர் வாங்குவது? கேனானா நிக்கானா, எத்தனை மெகாபிக்சல், ஒரு லென்ஸா இரண்டா என்று யூடியூபைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் கடைக்குப் போகிறார்கள். கேமராவைப் பற்றி இவ்வளவு விசாரிப்பவர்கள், விற்கிறவர் கையில் தரும் தாளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. வாங்கிய பிறகு வரும் வம்பெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

மாடலைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். 2020 தொடக்கத்துக்குப் பிறகு கேனானும் நிக்கானும் புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை. இரண்டுமே மிரர்லெஸ் பக்கம் போய்விட்டன. நிக்கான் டி3500, டி5600 ஆகியவற்றின் தயாரிப்பே நின்றுவிட்டது. ஆகவே 'புதுசு' என்று தரப்படுவது பழைய ஸ்டாக்காக இருக்கலாம். அதனால் டிஎஸ்எல்ஆர் உதவாது என்று அர்த்தமில்லை. அப்பர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ மூன்றையும் கையில் பழக 2018இல் வந்த கேனான் 1500டி தாராளமாகப் போதும். அதற்குத் தம்பியான 3000டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். கண்ணாடி போடுகிறவர்கள் வியூஃபைண்டரைத் தங்கள் பார்வைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் சிறு சக்கரமும் அதில் கிடையாது. நிக்கானின் அந்த இரண்டு மாடல்களிலும் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய 'டி' வகை 50 எம்எம் லென்ஸைத் தலையில் கட்டிவிட்டால், ஒவ்வொரு படத்துக்கும் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். 'இந்த லென்ஸ் இந்த பாடியில் ஆட்டோஃபோகஸ் ஆகுமா?' என்ற கேள்விக்கான பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இனிப் பெட்டிக்கு வருவோம். இறக்குமதியான பொருள் எதுவானாலும், 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, புகார் செய்வதற்கான தொடர்பு எண் எல்லாம் பெட்டியில் இருந்தாக வேண்டும். இந்த விவரங்கள் கொண்ட ஸ்டிக்கர் பெட்டியில் இல்லையென்றால், அது நிறுவனத்தின் இந்தியக் கிளை வழியாக வராத சரக்கு என்று சந்தேகப்படலாம். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த அதே கேமராதான், படமும் அதே படம்தான். பழுதானால்தான் வித்தியாசம் தெரியும்: இந்திய சர்வீஸ் சென்டரில் இலவசப் பழுதுபார்ப்பு கிடைக்காது. 'ஷாப் வாரண்டி தருகிறோம்' என்பார்கள். அது அந்தக் கடை திறந்திருக்கும் வரைக்குமான வாரண்டி. பாடியின் அடிப்பக்கம் இருக்கும் சீரியல் எண், பெட்டியில் இருப்பது, பில்லில் இருப்பது மூன்றும் ஒன்றா என்று கடையிலேயே நின்று பாருங்கள். லென்ஸுக்குத் தனி எண் உண்டு. அதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கிட்டாக வந்ததைப் பிரித்து, லென்ஸைத் தனியே விற்றுவிட்டு, வேறொரு லென்ஸைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுப்பதும் நடக்கிறது.

பில் பேரம் இந்த வியாபாரத்தின் பழைய நோய். கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். வரியோடு 50,000 ரூபாய் விலையுள்ள கேமராவில் ஏறத்தாழ 7,600 ரூபாய் வரிதான். 'பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்' என்று சொல்லும்போது நடுத்தர வீட்டு அப்பாவுக்கு ஆசை வருவது இயல்பு. ஆனால் அந்த 7,600 ரூபாய்க்காக வாரண்டியையும், புகார் செய்யும் பலத்தையும் அவர் விட்டுக்கொடுத்துவிட்டு வருகிறார். 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டு பில் ஆகாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பில் தர மறுப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்து வைப்பதாலும் கடைக்காரர் தப்ப முடியாது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பதும் அதே சட்டப்படி தவறு. கவனியுங்கள், இது குறையுள்ள பொருளுக்கு மட்டும். 'கறுப்பு பிடிக்கவில்லை, சிவப்பு வேண்டும்' என்பதற்கு அல்ல.

இன்னொரு தந்திரமும் உண்டு. மாமாவின் கம்பெனி ஜிஎஸ்டி எண்ணில் பில் போட்டால் வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் இல்லை. வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அந்த பில்லைத்தான். அதே சமயம், கேமரா வாங்கிக் கல்யாணத்துக்குப் படம் எடுத்துத் தன் பிழைப்பை நடத்தப் போகும் இளைஞர் பயப்பட வேண்டாம். சுயதொழிலாக, தன் வாழ்வாதாரத்துக்காக மட்டும் வாங்குவது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டமே விளக்கம் தருகிறது. பில் மட்டும் அவர் பெயரில் இருக்கட்டும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். கற்றுக்கொள்ள அதுவே புத்திசாலித்தனம். ஆனால் பார்த்து வாங்க வேண்டும். நிக்கான் டி3500 போன்ற தொடக்கநிலை பாடிகளின் ஷட்டர் சுமார் 1 லட்சம் கிளிக் தாங்கும் என்று சோதிக்கப்பட்டது. நிக்கானில் எடுத்த படத்தின் கோப்பிலேயே ஷட்டர் கவுன்ட் பதிவாகிறது. கேனான் தொடக்கநிலை மாடல்களில் அப்படியில்லை, கம்ப்யூட்டரோடு இணைத்துத் தனி மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். லென்ஸுக்குள் ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி நூல் போல் தெரிந்தால் ஃபங்கஸ். கடலோர ஈரப்பதத்தில் பீரோவுக்குள் பூட்டி வைத்த லென்ஸ்களில் இது சகஜம்.

தனிநபரிடம் வாங்கினால் ஒன்றை மனத்தில் வையுங்கள்: அவர் வியாபாரி அல்ல, அதனால் நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் உங்களுக்குக் கைகொடுக்காது. மேலும், வாடகைக்கு எடுத்த கேமராவை அப்படியே விற்றுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் உண்டு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கியவரையும் பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவு தண்டிக்கும். பழைய பில்லின் நகலும் விற்கிறவரின் அடையாள அட்டை நகலும் கேட்பதில் கூச்சம் வேண்டாம். 'ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், அனுப்பும் செலவை மட்டும் முன்கூட்டிப் போடுங்கள்' என்பது ஊரறிந்த மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

கடையிலோ இணையத்திலோ வாங்கியது பழுதாக வந்தால், வாய்ச்சண்டை வேண்டாம், மின்னஞ்சல் அனுப்புங்கள். இணையத்தில் வாங்கியதாக இருந்தால், பெட்டியைப் பிரிக்கும்போதே வெட்டில்லாமல் எடுத்த வீடியோ நல்ல சாட்சி. இணைய விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு விதி. அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே சமரசம் பேசுவார்களே தவிர உத்தரவு போட முடியாது. ஆனாலும் பல நிறுவனங்கள் அந்த ஒரு தொலைபேசிக்கே இறங்கி வருகின்றன. அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினாலோ, ஸ்டிக்கர் விவரம் இல்லாவிட்டாலோ, தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் தரலாம்.

கடைசிப் படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை, இணையம் வழியே தாக்கல் செய்யலாம். பில்லின் அடியில் 'சென்னை நீதிமன்ற எல்லைக்குட்பட்டது' என்று இருந்தாலும், தூத்துக்குடிக்காரர் தூத்துக்குடியிலேயே வழக்குப் போடலாம். வசிக்கும் ஊரில் புகார் செய்யும் இந்த உரிமை 2019 சட்டம் தந்தது. மூன்று மாதத்தில், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் இழுக்கும். ஆனால் உங்கள் பக்கத்துக் கெடு கறாரானது: பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தாக்கலாகிவிட வேண்டும். கடைக்காரர் 'அடுத்த வாரம் வாங்க' என்று சொல்லிக்கொண்டே இருக்கும் வாரங்களும் அந்த 2 ஆண்டுக் கணக்கில்தான் சேரும்.