தகரப் பெட்டியிலிருந்து ஒரு விக்கி

ஹட்டனுக்கு அருகே எங்கள் லயத்தில் இருந்த அப்பாயியின் தகரப் பெட்டி இரண்டு முறை மழையில் நனைந்தது. பிரஜாவுரிமைக் கடிதங்களும், 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குப் போன அவரது அண்ணன் கோத்தகிரியிலிருந்து எழுதியவையும் அதற்குள்தான் இருந்தன. எல்லாவற்றையும் படமெடுத்து கூகுள் டிரைவில் போட்டேன். ஆனால், யார் யாருக்கு என்ன உறவு என்பதைப் படங்கள் சொல்லாதே!

அதற்காக டிட்லிவிக்கியை எடுத்துக்கொண்டேன். ஜெரமி ரஸ்டன் 2004இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. முழு விக்கியும் ஒரே ஒரு எச்.டி.எம்.எல். கோப்பு. ஒரு பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் அவருக்கென ஒரு பக்கம் தொடங்கலாம். இறக்கி வைத்துவிட்டால் சிக்னல் இல்லாத தோட்டத்திலும் வாசிக்கலாம்.

டிரைவ் இதை இணையப் பக்கமாகக் காட்டாது. அந்த வசதியை 2016இலேயே நிறுத்திவிட்டார்கள். கோப்பை இறக்கி, உலாவியில் திறந்து, திருத்தி, சேமித்து, மறுபடி ஏற்றவேண்டும். அலுப்பான வேலைதான்.

ஒருநாள் கொழும்பிலிருந்து தம்பியும் இங்கிருந்து நானும் ஒரே நேரத்தில் திருத்தினோம். நான் பிந்தி ஏற்றியதில், அத்தை சொல்லி அவன் எழுதிய அப்பாயியின் பூர்வீக ஊர் காணாமல் போனது. பழைய பதிப்புகளை டிரைவ் பொதுவாக 30 நாட்கள் வைத்திருக்கும் என்பதால் மீட்டோம். இப்போது திருத்துவதற்கு முன் வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொள்கிறோம்.

அடையாள அட்டை இலக்கங்களை மட்டும் அதில் எழுதவில்லை. பகிர்ந்த கோப்பு யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.