சிறுகிழங்கு போட்ட பன்றிக்கறி

கழக்கூட்டத்து டெக்னோபார்க்கில் திருச்சூர்க்காரரோடு வேலை பார்ப்பவர்கள், கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்த வாரத்தில் ஒரு கறியின் பெருமையைக் கேட்காமல் தப்ப முடியாது: கூர்க்க போட்ட பன்றி. கூர்க்க வேறொன்றுமில்லை, பொங்கலுக்கு நாம் வாங்கும் சிறுகிழங்குதான். துளசி, கற்பூரவள்ளி குடும்பத்துச் செடி. கழக்கூட்டத்துக்குப் பக்கத்தில் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இதில் 'ஸ்ரீதாரா' என்றொரு ரகமே வெளியிட்டிருக்கிறது.

சமையலில் பாதி வேலையைக் கொழுப்பு பார்த்துக்கொள்ளும். தோலும் கொழுப்புமாக நறுக்கிய கறியில் சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, மல்லித்தூள், மிளகு, தேங்காய்ப் பல், கொஞ்சம் வினிகர் சேர்த்துப் பிசறி மூடி வைத்தால் தன் நீரிலேயே வேகும். சூடு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் தோலில் உள்ள கொலாஜன் மெல்ல ஜெலட்டினாகக் கரையும். மசாலா உதட்டில் ஒட்டுவது அதனால்தான். மிளகுக்குக் காரம் தரும் பைப்பரின் உருகிய கொழுப்பில் கரைந்து எங்கும் பரவும். அத்தனையையும் கிழங்கு உறிஞ்சிக்கொள்ளும். என்னைக் கேட்டால், கறித்துண்டைவிடக் கிழங்குத்துண்டுதான் ருசி.

பிலிப்பைன்ஸின் அடோபோ இதற்குத் தூரத்துச் சொந்தம். அங்கே வினிகர், பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை, சோயா சாஸ். மல்லியும் தேங்காய்ப் பல்லும் கிடையாது. வெக்கை நாட்டில் கறி சீக்கிரம் கெடாமல் வினிகர் காத்தது. ருசி கூடவே வந்த லாபம்.

சத்தென்று பார்த்தால் பன்றிக்கறியின் தனிச்சிறப்பு தயமின் எனும் பி1 வைட்டமின். கோழியிலும் மாட்டிறைச்சியிலும் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். தீட்டிய அரிசியில் குறைந்துபோவதும் இதுவேதான். அந்தக் குறையால் வரும் பெரிபெரி நோயை மணிலாவில் ஆராயத் தொடங்கிய ராபர்ட் வில்லியம்ஸ், 1936-இல் தயமினைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார். அவர் பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில்!

பி1 நீரில் கரைவது. வெந்த நீரை வடித்துக் கொட்டாதீர்கள். சமையல் சோடா அதை அழிக்கும், வினிகரின் புளிப்பில் அது தாக்குப்பிடிக்கும். கொழுப்பு மிகுந்த வயிற்றுக்கறி 100 கிராமில் சுமார் 500 கலோரி இருக்கிறது. அதற்குமேல் தேங்காய் எண்ணெய் ஊற்றுவது வீண். நாடாப்புழு பயம் இருப்பதால் நடுவில் சிவப்பு தெரியாத அளவுக்கு வேகவையுங்கள். கிழங்கைக் கறிக்குச் சமமாகவே போடுங்கள்.