பழைய பிக்கப்புக்குப் புது பேட்டரி மட்டும் போதுமா?

செல்ஃப் எடுக்காமல் தள்ளவைக்கும் வண்டிகளில் பெரும்பாலும் குறை பேட்டரியில் இல்லை, ஒயரிங்கில் இருக்கிறது. எந்த வேலையை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது?

காய்கறி ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் சந்தைக்குக் கிளம்பும் வண்டிகளுக்கு நடுவே, பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஓட்டப்படும் பழைய டீசல் பிக்கப்புகளையும் ஜீப்புகளையும் இன்றும் பார்க்கலாம். இன்ஜினும் கியர்பாக்ஸும் கெட்டியாக இருக்கும். படுத்துவது கரன்ட் வேலைதான். ஹெட்லைட் மஞ்சளாக மினுக்கும். ஹாரன் தொண்டை கட்டியதுபோல ஒலிக்கும். சந்தையில் லோடு இறக்கிய பிறகு, வண்டியைத் தள்ளிவிட நாலு பேரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

இந்த வகைப் பழைய டீசல் இன்ஜின் ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால், பேட்டரியின் தயவு இல்லாமலே ஓடும். அதனால்தான் ஒயரிங்கை யாரும் கவனிப்பதில்லை. தொல்லை முற்றும்போது முதலில் செய்வது புது பேட்டரி வாங்குவது. சார்ஜ் சரியாக ஏறாத வண்டியில் புது பேட்டரியும் சீக்கிரமே படுத்துவிடும். செலவு குறைந்த வேலைகளை முதலில் முடித்து, பெரிய செலவைக் கடைசிக்குத் தள்ளினால், பல வண்டிகளில் அந்தப் பெரிய செலவே தேவைப்படாமல் போகலாம்.

மல்டிமீட்டர் சொல்லும் கணக்கு

சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் குறையைப் பாதி கண்டுபிடித்துவிடலாம். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து மூன்று சோதனைகள் செய்ய வேண்டும்.

• வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு பேட்டரியின் இரண்டு முனைகளிலும் அளக்க வேண்டும். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறத்தாழ பாதிதான்.

• இன்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து அதே இடத்தில் அளக்க வேண்டும். 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. முன்பு காட்டிய அளவிலேயே நின்றால் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரி தண்ணீர் கொதித்து வற்றும்.

• ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ்விலும், மறுமுனையை பல்பின் பாசிட்டிவ் ஒயரிலும் வைக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்வளவு கரன்ட்டும் வழியிலேயே வீணாகிறது. பேட்டரியின் நெகட்டிவ்வுக்கும் பல்பின் எர்த்துக்கும் நடுவே இதேபோல் பார்த்தால் எர்த்தின் நிலை தெரியும்.

வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் பெரிதாகக் குறையும். சாதாரண ஹாலஜன் பல்புக்குப் போகும் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வெளிச்சம் பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். ரோட்டோரம் கட்டியிருக்கும் மாடும், பின்விளக்கில்லாத மாட்டுவண்டியும் கடைசி நொடியில்தான் கண்ணுக்குத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் வேலை: எர்த்

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிட வேண்டும். கழற்றும்போது அது முதலில், மாட்டும்போது கடைசியில். இப்படிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் தீப்பொறி வராது.

இன்ஜின் ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருப்பதால் அது தானாக சேஸிஸோடு எர்த் ஆகாது. அதற்காகத்தான் தட்டையான பின்னல் பட்டை ஒன்று கொடுத்திருப்பார்கள். துருவும் எண்ணெயும் சேர்ந்து அது அற்றுப்போனால், செல்ஃப் இழுக்கும் அத்தனை கரன்ட்டும் ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகப் போகப் பார்க்கும். கேபிள் சூடாகி இறுகுவது இதற்கான அடையாளம். பட்டையை மாற்றி, அது உட்காரும் இடத்தை இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து முறுக்க வேண்டும். முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினால் துரு பிடிக்காது. பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, உலர்ந்த பிறகு மாட்டி வாசலின் தடவலாம்.

இரண்டாவது: ஃபியூஸ்

பழைய வண்டிகளில் எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு மூன்று ஃபியூஸ்தான் இருக்கும். அதுவும் போன பிறகு சிகரெட் பெட்டித் தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றி ஓட்டுவது வழக்கம். ஃபியூஸின் வேலை பல்பைக் காப்பதல்ல. ஒயர் எரியாமல் காப்பது. பின்விளக்குக்குப் போகும் ஒயர் லோடு பாடியின் தகரத்தில் உராய்ந்து ஷார்ட் ஆனால், நல்ல ஃபியூஸ் நொடியில் போய்விடும். செம்புக் கம்பி போகாது, ஒயர் பழுக்கும். மேலே வைக்கோல் லோடு இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பிளேடு ஃபியூஸ் பெட்டி ஒன்று வாங்கி, ஹெட்லைட், ஹாரன், இண்டிகேட்டர், பின்விளக்கு, வைப்பர் எனத் தனித்தனியாகப் பிரிப்பது நல்லது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் பெட்டிக்கு வரும் மெயின் ஒயருக்கும் பேட்டரி பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் வேண்டும். வீட்டு ஒயரிங் மிச்சத்தை வண்டிக்குப் போடக் கூடாது. அதிர்வைத் தாங்கும், பல இழை கொண்ட ஆட்டோ ஒயர்தான் சரி. தகர ஓட்டை வழியாக ஒயர் போகும் இடமெல்லாம் ரப்பர் வளையம் அவசியம். எலி கடித்த ஒயருக்கு டேப் சுற்றாமல் அந்தத் துண்டையே மாற்றிவிடுவது நல்லது.

மூன்றாவது: ஹெட்லைட்டுக்கு ரிலே

60/55 வாட் பல்பு இரண்டும் பிரைட்டில் எரியும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். அத்தனையும் டேஷ்போர்டு சுவிட்ச், டிம்-பிரைட் சுவிட்ச் என்று சுற்றிவருவதால்தான் சுவிட்ச் சூடாகிறது, வெளிச்சம் குறைகிறது. ரிலே போட்டால், பழைய சுவிட்ச் ரிலேவைத் தட்டிவிடும் வேலையை மட்டும் செய்யும். பல்புக்கான கரன்ட் பேட்டரியிலிருந்து நேராகப் போகும்.

டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என 30 ஆம்பியர் ரிலே இரண்டு வேண்டும். ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 30-க்குப் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஒயர், 87-லிருந்து பல்புக்கு, 86-க்குப் பழைய சுவிட்ச் ஒயர், 85-க்கு எர்த். மெயின் ஒயர் 2.5 சதுர மி.மீ. இருந்தால் போதும். செலவு சில நூறு ரூபாய்க்குள் முடியும். வித்தியாசம் அன்று ராத்திரியே தெரியும்.

கடைசி: டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர்

இதற்குப் பிறகும் சார்ஜ் போதவில்லை என்றால் டைனமோவைப் பார்க்கலாம். பழைய டைனமோ அதிகம் போனால் 20, 25 ஆம்பியர்தான் தரும். ஐடிலில் ஏறத்தாழ எதுவும் தராது. சந்தை வாசலில் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் பேட்டரிதான் கரைகிறது. 35 முதல் 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஐடிலிலேயே சார்ஜ் ஏற்றத் தொடங்கிவிடும். ஆனால் மாற்றும் முன் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

• மிகப் பழைய சில வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். அதை நெகட்டிவ் எர்த்தாக மாற்றாமல் சாதாரண ஆல்டர்னேட்டரை இணைத்தால், உள்ளே இருக்கும் டயோடு உடனே போய்விடும்.

• ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் ஆல்டர்னேட்டர் என்றால், பழைய கட்-அவுட் பெட்டியை இணைப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

• டேஷ்போர்டு ஆம்பியர் மீட்டர் கூடுதல் கரன்ட்டைத் தாங்காமல் எரியலாம். அதை விலக்கிவிட்டு வோல்ட் மீட்டர் வைப்பது பாதுகாப்பு.

• சார்ஜ் ஒயர் குறைந்தது 6 சதுர மி.மீ. வேண்டும். தூரம் அதிகமானால் 10.

• பல ஆல்டர்னேட்டர்களுக்கு சார்ஜிங் எச்சரிக்கை பல்பு வழியாக வரும் கரன்ட்தான் தொடக்கம். அந்த பல்பு போனால் சார்ஜும் வராமல் போகலாம்.

• டீசல் வண்டிகளுக்கான ஆல்டர்னேட்டர் பலவற்றின் பின்னால் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப் இருக்கும். அதற்கு இன்ஜின் ஆயில் குழாய் போக வேண்டும். ஆயில் இல்லாமல் ஓடினால் பம்ப் இறுகிவிடும். பூஸ்டர் இல்லாத வண்டிக்கு பம்ப் இல்லாததையே வாங்க வேண்டும். ஏற்கெனவே பம்ப் உள்ள வண்டிக்கு அது இல்லாததை மாட்டினால், பிரேக் மிதி கல்லாகிவிடும். பழைய சாமான் கடையில் வாங்குபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது இது.

பெல்ட்டும் புல்லியும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்குவது சரியான இறுக்கம். இந்த வேலையை அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பதே நல்லது.

கேள்வி - பதில்

கேள்வி: இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, சார்ஜ் வருகிறதா என்று பார்க்கலாமா?

பதில்: டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் வோல்ட் திடீரென எகிறி டயோடும் ரெகுலேட்டரும் போய்விடும். மல்டிமீட்டரில் பார்ப்பதே சரி. லோடு பாடிக்கு வெல்டிங் வைக்கும்போதும், இன்ஜினை நிறுத்தி, பேட்டரி, ஆல்டர்னேட்டர் ஒயர்களைக் கழற்றிவிட வேண்டும்.

கேள்வி: ஹெட்லைட்டில் 100 வாட் பல்பு அல்லது எல்.இ.டி. பல்பு மாட்டலாமா?

பதில்: 100 வாட் பல்பு பழைய ஒயரையும் ஹோல்டரையும் உருக்கிவிடும். ஹாலஜனுக்காகச் செய்த டூமில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும்; எஃப்.சி.யிலும் சிக்கல் வரலாம். ரிலே போட்டு, மங்கிய டூமை மாற்றினால் 60/55 வாட்டே போதும்.

கேள்வி: நான்கு நாள் நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது. ஏன்?

பதில்: சாவியை எடுத்து எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகு எர்த் ஒயரைக் கழற்றி, பேட்டரி முனைக்கும் அந்த ஒயருக்கும் நடுவே சிறிய 12 வோல்ட் பல்பு ஒன்றைப் பிடிக்க வேண்டும். எரிந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுக்கும்போது எதில் பல்பு அணைகிறதோ, அந்த வழியில்தான் குறை. எதை எடுத்தாலும் அணையவில்லை என்றால், டைனமோ வண்டியில் கட்-அவுட் பாயின்ட் ஒட்டியிருக்கலாம். ஆல்டர்னேட்டர் வண்டியில் டயோடு போயிருக்கலாம்.