வத்திக்கான் போகிறீர்களா? பணம் கட்டும் முன் சில கேள்விகள்

ரோம் நகரின் நடுவே இருக்கும் வத்திக்கானில் புதன்கிழமை காலைகளில் திருத்தந்தை மறைக்கல்வி உரை வழங்குவார். அதில் கலந்துகொள்ள அனுமதிச் சீட்டு உண்டு, விலைதான் கிடையாது. பாப்பிறை இல்ல நிர்வாகம் அதை இலவசமாகவே தருகிறது. புனித பேதுரு பேராலயத்துக்குள் நுழையவும் கட்டணம் இல்லை. ஒலி வழிகாட்டிக் கருவி, குவிமாடம் ஏறுவது போன்ற கூடுதல் வசதிகளுக்கு மட்டுமே காசு. இருந்தும், இலவசமாகக் கிடைப்பதற்கே பணம் கட்டிவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. கூட்டத்தைக் கண்டதும் வரும் பதற்றம்தான் அங்கே விற்பவர்களின் முதலீடு.

2022 மே 15 அன்று குமரி மண்ணைச் சேர்ந்த தேவசகாயம் பிள்ளைக்குப் புனித பேதுரு வளாகத்தில் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. அந்த நாளைக் காண குமரி மாவட்டத்திலிருந்து போனவர்களும் உண்டு. திருப்பயணமாகப் போனாலும், மைக்கேலேஞ்சலோவின் ஓவியங்களைப் பார்க்கப் போனாலும் ஒன்றை மனதில் வையுங்கள்: யாரிடம் பணம் கொடுத்தீர்கள், எந்த மண்ணில் பிரச்சினை நடந்தது என்ற இரண்டும்தான், பிறகு நீங்கள் எங்கே முறையிடலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன.

எது யாருடைய எல்லை?

வத்திக்கான் 1929-ஆம் ஆண்டின் லாத்தரன் ஒப்பந்தத்தால் பிறந்த தனி நாடு. பரப்பு 44 ஹெக்டேர்தான். மைக்கேலேஞ்சலோவின் ஓவியங்கள் உள்ள சிஸ்டைன் சிற்றாலயம் வத்திக்கான் அருங்காட்சியகத்தின் பகுதி. அதற்கான வாசல் வடக்கு மதிலோரம் வியாலே வத்திக்கானோ சாலையில் இருக்கிறது. பேராலயத்தின் வாசலோ கிழக்கே, வளாகத்துப் பக்கம். இரண்டுக்கும் இடையே மதிலைச் சுற்றி ஏறத்தாழ கால் மணி நேர நடை. இது தெரியாமல் தவறான வரிசையில் நின்று, முன்பதிவு செய்த நேரத்தைக் கோட்டைவிடுவது எளிது.

உள்ளே ஏதாவது நடந்தால் வத்திக்கானின் சொந்தக் காவல் படையான ஜெந்தார்மெரியை அணுக வேண்டும். வெளித் தெருக்கள் இத்தாலிக்குச் சொந்தம். வளாகம் வத்திக்கான் மண் என்றாலும், பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நேரத்தில் அங்கே ரோந்து வருவது, ஒப்பந்தப்படி, இத்தாலியக் காவல்துறை. அவசர உதவிக்கு இத்தாலியில் அழைக்க வேண்டிய எண் 112.

வத்திக்கானுக்குத் தனி விசா கிடையாது. இத்தாலி செல்வதற்கான ஷெங்கன் விசாவே போதும். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ‘விசா உறுதி’ என்று எந்த முகவரும் வாக்குக் கொடுக்க முடியாது, முடிவு துணைத் தூதரகத்தின் கையில். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீடு செய்யும் உரிமையும் உங்களுக்கு உண்டு. ஆனால் கட்டிய கட்டணம் திரும்பாது.

சீட்டு விற்பனையில் நடப்பது

அருங்காட்சியகத்துக்கு ஆண்டுக்கு 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். 2025 நிலவரப்படி பெரியவருக்கு 20 யூரோ, இணையத்தில் முன்பதிவு செய்தால் மேலும் 5 யூரோ. சுற்றுலாப் பருவத்தில் இந்தச் சீட்டுகள் வேகமாகத் தீர்ந்துவிடும். அதன் பிறகுதான் தேடுபொறியின் முதல் வரிகளில் விளம்பரமாக நிற்கும் தளங்கள், இரண்டு மூன்று மடங்கு விலையோடு கண்ணில் படும். அவற்றில் வழிகாட்டியோடு அழைத்துப்போகும் நேர்மையான நிறுவனங்களும் உண்டு. அதிகாரபூர்வத் தளம் போலவே வேடமிட்டவையும் உண்டு. வத்திக்கானின் சொந்தத் தளங்கள் ‘.விஏ’ என்ற இரண்டெழுத்து நாட்டுக் குறியீட்டில் முடியும். பணம் கட்டும் முன் முகவரியின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள்.

மொத்தமாகச் சீட்டுகளை அள்ளுவது வெறும் வதந்தி அல்ல. ரோமின் கொலோசியத்தில் தானியங்கி மென்பொருள்களால் சீட்டுகள் வாரிக்கொள்ளப்பட்டு, சாதாரண மக்களுக்கு அடிப்படை விலையில் கிடைக்காமல் போனதற்காக, இத்தாலியின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2025 ஏப்ரலில் சீட்டு விற்பனையை நடத்திய நிறுவனத்துக்கும் ஆறு சுற்றுலா நிறுவனங்களுக்கும் ஏறத்தாழ 2 கோடி யூரோ அபராதம் விதித்தது.

தெருவில் கழுத்தட்டை மாட்டிக்கொண்டு ‘வரிசையே வேண்டாம்’ என்று அழைப்பவர்களிடம் நில்லாதீர்கள். சீட்டு வாங்கும் வரிசையை முன்பதிவால் தவிர்க்கலாம். பாதுகாப்புச் சோதனையைக் காசு கொடுத்து யாரும் தவிர்க்க முடியாது.

நாள்காட்டியையும் கவனியுங்கள். அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும், பெருவிழா எதுவும் குறுக்கிடாவிட்டால், காலையில் இலவச நுழைவு. அன்றைய நெரிசலுக்குச் சிறு குழந்தைகளோடு போகாமல் இருப்பதே நல்லது. புதன் காலை மறைக்கல்வி உரை நடக்கும்போது பேராலயத்துக்குள் பொதுவாக விடமாட்டார்கள்.

உள்ளே போன பிறகு

சிஸ்டைன் சிற்றாலயம் சுமார் 41 மீட்டர் நீளமும் 13 மீட்டர் அகலமும் கொண்ட ஒற்றைக் கூடம். 1508 முதல் 1512 வரை அதன் விதானத்திலும், 1536 முதல் 1541 வரை பலிபீடச் சுவரிலும் மைக்கேலேஞ்சலோ வரைந்தார். ஆயிரக்கணக்கானோரின் மூச்சுக்காற்றும் வியர்வையின் ஈரமும் உடையில் ஒட்டிவரும் தூசியும் அந்த ஓவியங்களுக்குப் பகை. அதனால்தான் 2014-இல் புதிய காற்றுச் சீரமைப்பு பொருத்தப்பட்டது. படம் எடுக்கக் கூடாது, பேசக் கூடாது என்று காவலர்கள் விரட்டுவதில் வியப்படைய ஒன்றுமில்லை. அது வழிபாட்டுக் கூடமும்கூட.

தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். சேலை, சுடிதாருக்குத் தடையில்லை. கையில்லாத ரவிக்கை என்றால் மேலே ஒரு துப்பட்டா வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பைகளையும் முக்காலிகளையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டையும் மருந்தையும் அவற்றில் விடாதீர்கள்.

அருங்காட்சியகத்தின் நீண்ட நடைகூடங்களில் கூட்டம் பெரும்பாலும் ஒரே திசையில் நகரும். நடுவில் மயக்கம் வந்தால் சட்டென்று திரும்பி வெளியேறுவது கடினம். சர்க்கரை நோயாளிகள் சாப்பிட்டுவிட்டே நுழையுங்கள். மூச்சடைப்பு உள்ளவர்கள் அருகிலிருக்கும் பணியாளரிடம் உடனே சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் சான்றிதழின் ஆங்கிலப் பிரதியைக் கொண்டுபோனால் கட்டணச் சலுகையைக் கேட்கலாம். சக்கர நாற்காலியும் இரவலாகக் கிடைக்கும். பேராலயக் குவிமாடத்துக்கு 551 படிகள். மின்தூக்கியில் போனாலும் 320 படிகளை நடந்தே ஏற வேண்டும். பாதிவழியில் மனம் மாறினாலும் திரும்ப இடம் இருக்காது.

ஜேப்படியும் போலிப் பொருளும்

தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் வரும் 64-ஆம் எண் பேருந்தும், ஒத்தாவியானோ நிறுத்தத்துக்கு வரும் மெட்ரோவின் ‘ஏ’ தடமும் ஜேப்படிக்குப் பேர்போனவை. கையில் கயிறு கட்டிவிடுபவர், ரோஜாவை நீட்டுபவர், கையெழுத்துக் கேட்டு அட்டையை முகத்தருகே பிடிப்பவர் என்று உங்கள் கவனத்தைத் திருப்பும் ஆள் ஒருவர், பையில் கைவைக்கும் ஆள் இன்னொருவர்.

நடைபாதையில் விற்கும் போலி பிராண்டு கைப்பைகளில் வேறொரு ஆபத்து. இத்தாலியில் போலிப் பொருளை வாங்குபவருக்கும் 7,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டம் இருக்கிறது.

ஏமாந்தால் எங்கே போவது?

*பாஸ்போர்ட் தொலைந்தால்:* முதலில் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வப் புகார், அதன் நகலோடு ரோமில் உள்ள இந்தியத் தூதரகம். ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் அங்கே தருவார்கள். இலங்கைக் குடிமக்களுக்கும் ரோமிலேயே தூதரகம் உண்டு. பாஸ்போர்ட், விசாப் பக்கங்களின் படத்தை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவைத்தால் பாதி வேலை குறையும்.

*வங்கி அட்டை போனால்:* உடனே வங்கியை அழைத்து முடக்குங்கள். உங்கள் அனுமதி இல்லாமல் நடந்த பரிவர்த்தனையை எவ்வளவு சீக்கிரம் தெரிவிக்கிறீர்களோ, அவ்வளவுக்கு உங்கள் தலையில் விழும் இழப்பு குறையும். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

*போலித் தளத்தில் பணம் போனால்:* இந்தியாவில் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண். கடன் அட்டையில் கட்டியிருந்தால், சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் எழுதி, பணத்தைத் திரும்பப் பெறக் கோரலாம். வெளிநாட்டு நிறுவனத்தின் மீது வழக்குப் போட அலைவதைவிட இதுவே நடைமுறைக்கு ஒத்த வழி. வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பிய பணத்தை மீட்பது இதைவிடப் பல மடங்கு கடினம்.

*உள்ளூர் முகவர் ஏமாற்றினால்:* உங்கள் கை வலுவாக இருக்கும் இடம் இதுதான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்; முகவர் சென்னையில் இருந்தாலும் நாகர்கோவில்காரர் அங்கே ஓட வேண்டியதில்லை. சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. கால வரம்பு இரண்டு ஆண்டுகள். வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டுப் பார்க்கலாம்.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 21 அன்று மறைந்தபின், அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் கான்கிளேவுக்காக ஏப்ரல் 28 முதல் சிஸ்டைன் சிற்றாலயம் மூடப்பட்டது. அது முகவரின் குற்றம் அல்ல. ஆனால் மூடியிருப்பது தெரிந்தும் சொல்லாமல் முழுத் தொகை வாங்கினால், அது குறைபாடுள்ள சேவை.

காப்பீட்டையும் வாசித்துப் பாருங்கள். ஷெங்கன் விசாவுக்கு வேண்டிய குறைந்தது 30,000 யூரோ காப்பீடு, மருத்துவச் செலவுக்கும் உடலை ஊர் கொண்டுவருவதற்கும் ஆனது. திருட்டும் பயண ரத்தும் அதில் சேருமா என்பது நீங்கள் எடுக்கும் திட்டத்தைப் பொறுத்தது.

ஆகவே முன்பணம் கொடுக்கும் நாளிலேயே முகவரிடம் நான்கு பதில்களை எழுத்தில் வாங்குங்கள். எந்தெந்த நுழைவுச் சீட்டு தொகையில் அடங்கும்? அது எந்த நாள், எந்த நேரத்துக்கு? விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு பிடிப்பார்கள்? ஓர் இடம் மூடப்பட்டால் மாற்று என்ன? ரசீதும் அந்தத் தாளும் இருந்தால் ஆணையத்தின் முன் உங்கள் சொல் நிற்கும். எழுதித் தர மறுக்கிறவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.