பழைய காரின் வயரிங்: பழுதை நாமே கண்டுபிடிக்கலாம்

ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களை யாழ்ப்பாணத்தில் இன்றும் காணலாம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சிறிதளவு பெற்றோலில் ஸ்ராட் செய்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடி, நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஆஸ்பத்திரிக்குச் சுமந்தவை இவை. சில வீடுகளில் கணவரோ தந்தையோ விட்டுச்சென்ற ஒரே பிழைப்பும் இந்தக் கார்தான். எங்கள் மொறிஸ் மைனரும் அப்படித்தான் என் பொறுப்புக்கு வந்தது.

விளக்கு எரியாவிட்டால், "வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும்" என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் காருக்கும் ஒரு கராஜில் அதையே சொன்னார்கள். உண்மையான பழுதோ, பின்விளக்கைப் பிடித்திருந்த துருப்பிடித்த ஒரு திருகாணியில் மட்டுமே இருந்தது.

இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்புத் தேவையில்லை. மின்சாரமில்லாத ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். சைக்கிள் விளக்குக்கு டைனமோவிலிருந்து ஒரு வயர்தான் போகும்; சுற்றின் மறுபாதி சைக்கிளின் இரும்புச் சட்டம். காரிலும் அப்படியே. ஒரு பாதி வயர், மறுபாதி காரின் உடல். அந்த மறுபாதியைத்தான் 'எர்த்' என்கிறோம். கடற்காற்றுப்படும் எங்கள் ஊரில் எர்த் பிடிக்கும் இடங்கள் துருவேறுவது வழமை.

வயர்களின் நிறம்

இந்தக் கார்களின் வயர்களுக்கு நிற ஒழுங்கு உண்டு. மண்ணிறம் பற்றரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவியைத் திருப்பியதும் மின் பெறுவது. பச்சை, பியூஸைக் கடந்து பிரேக் விளக்கு, வைப்பர் போன்றவற்றுக்குப் போவது. சிவப்பு பின்விளக்குக்கும் பக்க விளக்குக்கும், நீலம் முன்விளக்குக்கும் உரியவை. கறுப்பு எர்த். நிறம் மங்கியிருந்தால் வயரை மெல்லத் துடைத்துப் பாருங்கள்.

சோதனை விளக்கு

12 வோல்ற் சிறு பல்ப் ஒன்றும் இரண்டு வயர்த் துண்டுகளும் போதும். ஒரு முனையைக் காரின் உடலில் துப்புரவான இரும்பில் பிடியுங்கள். உரிய சுவிச்சைப் போட்டு, மறுமுனையால் பியூஸ், சுவிச், விளக்கின் இணைப்பு என ஒவ்வோர் இடமாகத் தொடுங்கள். பல்ப் எரிந்தால் அதுவரை மின் வருகிறது. எரியாவிட்டால், கடைசியாக எரிந்த இடத்துக்கும் இதற்கும் நடுவிலேயே பழுது.

விளக்குவரை மின் வந்தும், நல்ல பல்ப் போட்டும் எரியவில்லையா? விளக்கின் கூட்டிலிருந்து காரின் துப்புரவான இரும்புக்கு ஒரு வயரைப் பிடியுங்கள். எரிந்தால் குறை எர்த்தில்தான். திருகாணியைக் கழற்றித் துருவைச் சுரண்டி, இறுக்கிப் பூட்டி, மேலே சிறிது வஸ்லின் பூசுங்கள்.

கவனம்

பற்றரிக்குக் கிட்டப் போகுமுன் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். தாலிக்கொடியைச் சட்டைக்குள் விடுங்கள். 12 வோல்ற் ஆளைத் தாக்காது. ஆனால் பற்றரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே பட்ட உலோகம் நொடியில் பழுக்கச் சூடேறும். பற்றரியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிவருவதால் நெருப்பும் ஆகாது.

வயரை வெட்டவோ இணைக்கவோ முன், பற்றரியின் எர்த் வயரை முதலில் கழற்றுங்கள். பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுங்கள். இந்தக் கார்களில் ஆதியில் பற்றரியின் கூட்டல் முனையே உடலோடு இணைந்திருந்தது. பின்னர் சிலர் மாற்றியும் இருப்பார்கள். ஆகவே கழற்றுமுன் எது எங்கே இருந்தது என்று அடையாளமிடுங்கள்.

மொறிஸ் மைனரில் இருப்பது இரண்டே பியூஸ்கள். முன்விளக்கு வயருக்கு அதுவும் இல்லை. அதனால் உறை தேய்ந்த வயர் இரும்பில் உரசினால் எரிந்துபோகும். பியூஸுக்குப் பதிலாகச் சிகரட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றும் பழக்கத்தை அடியோடு விடுங்கள்.

உறை உருகிய வயர், எலி கடித்த கட்டு, டைனமோப் பழுது என்பவற்றுக்குத் தொழில் தெரிந்தவரே வேண்டும். ஆனாலும் சகோதரிகளே, பழுது எந்த இடத்தில் என்று கண்டுகொண்டு கராஜுக்குப் போங்கள். "இந்தத் துண்டை மட்டும் மாற்றித் தாருங்கள்" என்று சுட்டிக்காட்டும் பெண்ணிடம், முழு வயரிங்குக்கும் காசு கேட்பது எவருக்கும் இலகுவல்ல.